14,500 ரூபாய் போச்சு: "ஹார்ட் டிஸ்க் புதுசுங்க" என்றால் நம்பாதீங்க

பாலக்காட்டில் பழைய லேப்டாப் விற்கும் கடை ஒன்றில் 14,500 ரூபாய் ஏமாந்திருக்கிறேன். கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வேலந்தாவளம் பக்கமிருந்து அங்கே வாங்கப் போகிறவர்கள் இதைப் படிச்சிட்டுப் போங்க.

"மெஷின் பழசு, டிஸ்க் புதுசுங்க" என்று சொல்லி, கடைக்காரர் வெள்ளிக் கவரை என் கண்ணெதிரே கிழித்து 500 ஜிபி டிஸ்க்கை மாட்டினார். விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்கிற லினக்ஸையும் அவரே போட்டார். நம்ம ஊர்ப் பேச்சு, அவசரப்படுத்தாத குணம். கவர் கிழிந்ததைப் பார்த்ததுமே மனசு நம்பிவிட்டது. பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள், சும்மா இருக்கும்போதே டக், டக் என்று சத்தம். டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே வைத்திருக்கும் ஸ்மார்ட் பதிவைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையை ஓட்டிப் பார்த்தால், 9-ஆம் எண்ணில் பவர் ஆன் ஹவர்ஸ், அதாவது டிஸ்க் ஓடிய மணி நேரம், 11,240. 193-இல் லோட் சைக்கிள் கவுண்ட், அதாவது டிஸ்க்கின் ஹெட் (படித்து எழுதும் முனை) ஒதுங்கித் திரும்பிய எண்ணிக்கை, 6,12,480. ஒன்பது நாள் அணைக்காமலே வைத்திருந்தாலும் 216 மணி நேரம்தானே! ஏற்கெனவே பதினைந்து மாதத்துக்கு மேல் ஓடிய டிஸ்க்கைக் கவரில் போட்டு விற்றிருக்கிறார்கள்.

கேட்டால், "அது லினக்ஸ் சத்தம் சார், விண்டோஸ் போடுங்க." மறுநாள், "ஸ்மார்ட் பாஸ்னுதானே காட்டுது?" அதற்கப்புறம் போனில் "நாளெ நோக்காம்" (நாளைக்குப் பார்க்கலாம்). இப்போது போனே எடுப்பதில்லை.

லினக்ஸ் மேல் பழி போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏபிஎம் என்பது டிஸ்க்கின் மின்சிக்கன அமைப்பு. அதன் அளவு குறைவாக இருந்தால், சில விநாடி வேலை இல்லையென்றாலே டிஸ்க் ஹெட்டை ஒதுக்கி வைத்துவிடும். லினக்ஸ் கோப்புகளைச் சேமிக்கும் முறையான இஎக்ஸ்டி4 சாதாரணமாக 5 விநாடிக்கு ஒருமுறை ஜர்னலை (மாற்றங்களின் குறிப்பேட்டை) எழுதும். எழுத ஏதாவது இருந்தால் ஹெட் திரும்ப வந்தாக வேண்டும். அந்தப் போக்குவரத்துதான் சத்தம். பல லேப்டாப் டிஸ்க்குகள் இப்படி 3 லட்சம் தடவையோ 6 லட்சம் தடவையோ தாங்கும் என்பதுதான் கணக்கு. சத்தத்தை நிறுத்த ஹெச்டிபார்ம் என்ற லினக்ஸ் கட்டளையில் மைனஸ் பெரிய பி, 254 என்று ஏபிஎம் அளவைக் கொடுத்தால் போதும். 255 ஏபிஎம்மையே அணைக்கும். சில டிஸ்க் அதை ஏற்காது. சஸ்பெண்டிலிருந்து எழுந்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிடலாம் என்பதால், டிஎல்பி என்ற மின்சிக்கனச் செயலியின் அமைப்பில் டிஸ்க் ஏபிஎம் லெவல் வரியில் எழுதிவிடுங்கள். கரன்ட்டில் 254, பேட்டரியில் 128. மடியில் வைத்து நகரும்போது ஹெட் ஒதுங்கியிருப்பதுதான் நல்லது. இதெல்லாம் செய்தால் எண்ணிக்கை ஏறுவது குறையும். ஏறிய 6,12,480 இறங்காது, என் 14,500-உம் வராது.

வாங்கப் போறவங்களுக்கு: இன்ஸ்டால் செய்யாமலே உபுண்டுவை ஓட்டும் லைவ் பென் டிரைவ் ஒன்றை எடுத்துட்டுப் போங்க. அதிலுள்ள டிஸ்க்ஸ் செயலியில் ஸ்மார்ட் டேட்டாவைத் திறந்து 9, 193 இரண்டையும் பார்த்த பிறகு பணம் கொடுங்க. 5-இலோ (பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள்) 197-இலோ (படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் இடங்கள்) பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் எழுந்து வந்துடுங்க. பாஸ் என்ற வார்த்தை போதாது. பில்லில் டிஸ்க்கின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்க. என் பில்லில் "லேப்டாப் 1, ரூ. 14,500" என்று மட்டும்தான் இருக்கிறது.