ப்ரைமார்டியலின் 'ஏ ஜர்னிஸ் எண்ட்': பல வருடம் கேட்டபின் எழுதுவது

அயர்லாந்து ராக் என்றதும் நம் ஆட்களுக்கு யு2, கிரான்பெரீஸ் என்ற பெயர்கள்தான் வாயில் வரும். கொஞ்சம் பழையதைத் தோண்டுகிறவர்கள் தின் லிஸியையும் ரோரி கலகரையும் சொல்வார்கள். டப்ளினுக்கு வடக்கே கடலோரம் இருக்கிற ஸ்கெரீஸ் என்ற சின்ன ஊரிலிருந்து வந்த ப்ரைமார்டியல் என்ற மெட்டல் குழுவை, மெட்டல் (கனத்த கிதாரும் அதிரும் டிரம்ஸும் கொண்ட ராக் வகை) கேட்கிறவர்களிலேயே பலர் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டவர்களும் பெரும்பாலும் 2005 முதல் மெட்டல் பிளேட் நிறுவனம் வெளியிட்ட ஆல்பங்களோடு நின்றுவிடுகிறார்கள். 1998-இல் வந்த அவர்களது இரண்டாவது ஆல்பமான 'ஏ ஜர்னிஸ் எண்ட்' இந்த இடைவெளியில் விழுந்து காணாமல் போய்விட்டது. எனக்கு அவர்களின் ஆல்பங்களிலேயே மிக நெருக்கமானது இதுதான். சிடியில் ஆரம்பித்து, கணினி, போன், இப்போது ஸ்பீக்கர் என்று எல்லாவற்றிலும் வருடக்கணக்காக இதைக் கேட்டு வருகிறேன்.

முன்கதை சுருக்கமாக. 1980-களின் கடைசியில் பள்ளி வயதுப் பையன்கள் சேர்ந்து தொடங்கிய இசைக்குழு இது. கிதாரில் கீரன் மக்வில்லியம், பேஸ் கிதாரில் போல் மக்அம்லி. 1991-இல் ஏ.ஏ. நெம்தியாங்கா பாடகராக வந்து சேர்ந்தார். 1993-இல் ஒரு டெமோ (மாதிரி ஒலிப்பதிவு), 1995-இல் முதல் ஆல்பமான 'இம்ராமா'. அதை வெளியிட்டது லண்டனின் ககோஃபோனஸ் நிறுவனம்; கிரேடில் ஆஃப் ஃபில்த் என்ற ஆங்கிலேய மெட்டல் குழுவின் முதல் ஆல்பமும் அங்கிருந்து வந்ததுதான். இரண்டாவது ஆல்பத்துக்கு மிசாந்த்ரபி என்ற இன்னொரு ஆங்கிலேய நிறுவனத்துக்கு மாறினார்கள். அந்த நிறுவனமும் சில வருடங்களில் மூடப்பட்டது. அந்தக் காலத்து அயர்லாந்தில் இந்த வகை இசைக்குக் கூட்டமும் இல்லை, நார்வே, சுவீடன் போல ஒருவரை ஒருவர் தூக்கிவிடுகிற குழுக்களும் இல்லை. அப்படித் தனியாக நின்றது இவர்களுக்கு நல்லதாகவே முடிந்தது என்பது என் கருத்து. பக்கத்து வீட்டைப் பார்த்து எழுதிய ஒரு வரிகூட இந்த ஆல்பத்தில் எனக்குத் தட்டுப்படவில்லை.

'இம்ராமா' நல்ல பிளாக் மெட்டல் (அலறல் குரலும் இருண்ட ஒலியும் கொண்ட மெட்டல் வகை) ஆல்பம். ஆனால் ப்ரைமார்டியல் ப்ரைமார்டியலாக ஆனது இரண்டாவது ஆல்பத்தில். இத்தனை வருடத்தில் இந்த எண்ணம் உறுதியாகிக்கொண்டே வந்திருக்கிறது. அதற்கு முதல் காரணம் தாளம்.

மெட்டலில் டிரம்ஸ் பெரும்பாலும் நான்கு நான்காக எண்ணித்தான் போகும். இந்த ஆல்பத்தில் முக்கியமான இடங்களெல்லாம் ஆறிலும் பன்னிரண்டிலும் உருள்கின்றன. நம் கணக்கில் சொன்னால் மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடை. அயர்லாந்தின் ஜிக் ஆட்டத்துக்கும் 6/8 கணக்குதான். ஜிக் துள்ளலானது, வேகமானது. அதே கணக்கை இவர்கள் மெதுவாக்கி, ஆழமாக முழங்கும் டாம் டிரம்களில் கனமாக இறக்கும்போது துள்ளல் போய் ஒரு அணிவகுப்பின் நடை வந்துவிடுகிறது. அதே காலத்தில் டப்ளினில் இருந்த க்ருவாகன் என்ற குழு விசில் (ஒரு வகைக் குழல்), ஃபிடில் (வயலின்) என நாட்டுப்புறக் கருவிகளை நேரடியாகவே மெட்டலுக்குள் கொண்டுவந்தது. எனக்கு அவர்களையும் பிடிக்கும். ஆனாலும் தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஊரைக் காட்டுவது அதைவிடக் கடினமான வேலை. இதை நான் உணர்ந்ததே நிறைய முறை கேட்ட பிறகுதான். முதலில் கிதார்தான் காதில் விழும். கால் தானாகத் தட்ட ஆரம்பித்த பிறகே தாளத்தின் மீது கவனம் போகும்.

கிதாரும் வழக்கமானதில்லை. கம்பியை உள்ளங்கையால் அமுக்கி வெட்டி வெட்டி வாசிப்பது இங்கே குறைவு. கம்பிகளை ஒலிக்க விட்டு, ஸ்வரங்களை ஒன்றொன்றாகப் பிரித்து, ஒரு சின்ன வடிவத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். கிதார் சோலோவுக்காகக் காத்திருப்பவர்கள் ஏமாந்து போவார்கள். அதே வடிவம் பத்தாவது முறை வரும்போது அடியில் டிரம்ஸ் லேசாக மாறியிருக்கும். பாட்டின் நிறமே மாறிவிடும். இது பொறுமை கேட்கும் இசை, அந்தப் பொறுமைக்குப் பலனும் தரும் இசை.

இரண்டாவது காரணம் குரல். நெம்தியாங்கா அலறுவார், உறுமுவார்; ஆனால் இந்த ஆல்பத்தில்தான் தொண்டையைத் திறந்து பாடவும் செய்கிறார். சுருதி அங்கங்கே தவறுகிறது. அதை நான் குறையாகப் பார்ப்பதில்லை. துக்கத்தைச் சொல்ல வந்தவர் குரலைச் சீவிச் சிங்காரித்துக்கொண்டு வரவில்லை, அவ்வளவுதான். 2005-இல் வந்த 'தி கேதரிங் வில்டர்னெஸ்' ஆல்பத்தில் 'தி காஃபின் ஷிப்ஸ்' (சவப்பெட்டிக் கப்பல்கள்) என்று ஒரு பாட்டு உண்டு. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியதில் ஏற்பட்ட பெரும் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள், அதே அளவு மக்கள் கப்பலேறி நாட்டை விட்டே போனார்கள். அந்த வரலாற்றைப் பாடிய அந்தக் குரலைக் கேட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும். அந்தக் குரலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மொத்தம் ஏழு உருப்படிகள். 'கிரேவன் ஐடல்' நேராக வாசலைத் திறந்துவிடும் பாட்டு. இன்றைக்கும் அதே விறுவிறுப்பு. 'டார்க் சாங்'கில் நாட்டுப்புற வாசம் அதிகம், ஆல்பத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் பிடிப்பதும் அதுவே. வருடங்கள் போகப் போக என்னிடம் வளர்ந்துகொண்டே வந்தது 'ஆட்டம்ஸ் அப்ளேஸ்'. மேலே சொன்ன தாளம், ஒலிக்க விட்ட கம்பி, திறந்த குரல் மூன்றும் ஒன்றுசேரும் இடம் அது. ஒரே ஒரு பாட்டு போட்டுக் காட்டு என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் போடுவேன். தலைப்புப் பாட்டு நீளமானது. நடுவில் கவனம் கொஞ்சம் நழுவும், ஆனாலும் முடிவை நோக்கி அது ஏறுகிற ஏற்றம் எனக்கு இன்னும் சலிக்கவில்லை. 'பிட்டர் ஹார்வெஸ்ட்' முதல் ஆல்பத்தின் கோபத்தை நினைவூட்டும். 'சாலிட்டரி மோர்னர்' மட்டும் காலத்தைத் தாங்கவில்லை. ஆல்பத்துக்கு நடுவே மூச்சு வாங்க ஒரு அமைதி தேவை என்பது புரிகிறது. ஆனால் தனியாக அதை எடுத்துக் கேட்கும் ஆசை எனக்கு வருவதில்லை. ஐரிஷ் மொழித் தலைப்பு கொண்ட கடைசி உருப்படி 'ஆன் அஷ்டர் டெர்னாக்', 'பிட்டர் ஹார்வெஸ்ட்'டின் சூடு தணிந்த கையோடு கேட்டால்தான் சரியாகப் பொருந்தும். ஷஃபிளில் போட்டால் வீண்.

ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பெரிய பட்ஜெட்டில் செய்ததில்லை என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். கிதார் கொஞ்சம் மெலிந்து கேட்கும், பேஸ் பல இடங்களில் பின்னால் போய்விடும். இப்போது கடைகளில் விற்கும் பேஸ் தூக்கலான புளூடூத் இயர்போன்களில் கேட்டால் டாம் டிரம்கள் வீங்கி, கிதாரின் நுணுக்கத்தை மூடிவிடுகின்றன. அப்படித்தான் கேட்டாக வேண்டுமென்றால் ஈக்வலைசரில் பேஸைக் குறைத்து, நடு அலைவரிசையைச் சிறிது ஏற்றிக்கொள்ளுங்கள்; குரல் முன்னால் வந்துவிடும். காரில் எனக்கு ஒருபோதும் சரிப்பட்டதில்லை. என்ஜின் சத்தம் அந்தக் கம்பிகளின் ஒலியை விழுங்கிவிடுகிறது. சாதாரண புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, மிதமான சத்தம், இடையில் எழுந்து போக அவசியமில்லாத முக்கால் மணி நேரம். இதுவே போதும். சத்தத்தை அதிகம் கூட்டினால் இந்த ஆல்பத்துக்குப் பலம் கூடுவதில்லை, இரைச்சல்தான் கூடுகிறது.

வரிகளைப் பார்த்துக்கொண்டே கேட்பதும் முக்கியம். அலறல் வரும் இடங்களில் சொற்கள் பிடிபடாது; எழுத்தில் பார்த்தால் மதத்தின் மீதுள்ள கோபமும், மண்ணின் மீதுள்ள பற்றும், இழப்பும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று தெரியும். நான் இதைச் செய்த பிறகுதான் 'கிரேவன் ஐடல்' எனக்கு முழுதாகத் திறந்தது.

ப்ரைமார்டியலை இதுவரை கேட்டதே இல்லை என்றால் இதில் தொடங்க வேண்டாம். 'தி கேதரிங் வில்டர்னெஸ்', அடுத்து 2007-இல் வந்த 'டு தி நேம்லெஸ் டெட்', இந்த இரண்டையும் முதலில் கேளுங்கள். அவற்றின் ஒலி முழுமையானது, உள்ளே நுழைவது சுலபம். அவை பிடித்துவிட்டால் 'ஏ ஜர்னிஸ் எண்ட்' பக்கம் வாருங்கள். ஒரே மூச்சில் கேட்க முடியாவிட்டால் முதல் மூன்று பாட்டுகளை மட்டும் ஒரு வாரம் கேட்டுவிட்டு மீதிக்குப் போங்கள். பிளாக் மெட்டல் அலறலே ஒத்துக்கொள்ளாதவர்கள்கூட 'ஆட்டம்ஸ் அப்ளேஸ்' ஒன்றையாவது கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.