6 பை மாடித்தோட்டக் கிட்: பை தேறும், கலவை பத்தாது, விதையில் கொஞ்சம் ஊட்டி வாசம்

தை முடிந்து மாசி பிறந்ததும் சென்னையில் விற்பனை சூடுபிடிக்கும் சாமான்களில் இந்த 6 பை மாடித்தோட்டக் கிட்டும் ஒன்று. ஆன்லைனிலும் நர்சரிகளிலும் வெவ்வேறு பெயர்களில் வருகிறது. உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: 12க்கு 12 அங்குலப் பைகள் ஆறு, 5 கிலோ கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டி ஒன்று, மண்புழு உரம் 5 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ, வேப்பெண்ணெய் 100 மில்லி, பத்து விதைப் பாக்கெட்டுகள். இங்கே பார்க்கும் பெட்டியின் பெயர் வேண்டாம். குறைகள் இந்த வகைக்கே பொதுவானவை.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். பை உருப்படியானது. 220 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 220 கிராம்) நெய்த பிளாஸ்டிக், வெயிலில் நைந்துபோகாமல் காக்கும் யு.வி. பாதுகாப்பு உண்டு, கைப்பிடி இரட்டைத் தையல். யு.வி. பாதுகாப்பு இல்லாத பை ஒரே கோடையில் விரல் பட்டால் மாவாக உதிரும். வெள்ளை நிறமாக இருப்பதும் நல்லது. கறுப்புப் பை பங்குனி வெயிலில் சுவரோரத்து வேரை வேகவைத்துவிடும். ஒரே குறை, அடியில் இரண்டு ஓட்டைகள்தான். பழைய ஊதுபத்தியைக் கொளுத்தி இன்னும் நான்கு போட்டுக்கொள்ளுங்கள். கத்தரியால் வெட்டினால் நெசவு பிரிந்துகொண்டே போகும்.

இனி கணக்கு. 12க்கு 12 பை வாய்வரை 22 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் ஊற்ற மேலே ஒன்றரை அங்குலம் விட்டால் 19 லிட்டர். ஆறு பைக்கு 115 லிட்டர் கலவை வேண்டும். 5 கிலோ கட்டி ஊறினால் 70 லிட்டர் சொச்சம், மண்புழு உரம் எட்டு ஒன்பது லிட்டர். மொத்தம் 80கூட வராது, அதுவும் நாலு தண்ணீர் ஊற்றியதும் இறங்கும். ஆக, நாலு பைதான் நிரம்பும். ஆறையும் அரைகுறையாக நிரப்புவதுதான் வழக்கமான தப்பு. வேர் பரவ இடமில்லாமல் வெண்டை இரண்டடியில் நின்றுவிடும். தோட்டக்கலைத் துறை வழங்கிவந்த மாடித்தோட்டத் தளையில் (கிட்டில்) 6 பைக்கு 2 கிலோ கட்டிகள் ஆறு. பைக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கில் பற்றாக்குறை வராது.

பற்றாக்குறைக்கு இன்னொரு கோகோபீட் கட்டி வாங்க வேண்டாம். செம்மண் 20 லிட்டர், மக்கிய மாட்டுச்சாணம் 20 லிட்டர் சேர்த்தால் ஆறும் நிரம்பும். வேப்பம் புண்ணாக்கில் பைக்கு 100 கிராம் இப்போது, 50 கிராம் முப்பதாம் நாள். கலந்து நனைத்து ஒரு வாரம் ஆறப்போடுங்கள். மேலே வெள்ளையாகப் பூஞ்சை பூத்தால் பயப்பட வேண்டாம், அது மக்கும் அறிகுறி. மக்கும்போது எழும் சூடு அடங்குமுன் விதைத்தால் முளை கருகும்.

கோகோபீட் கட்டிக்குத் 'தண்ணீர் ஊற்றினால் போதும்' என்கிறது பெட்டியோடு வரும் துண்டுத்தாள். போதாது. தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்ட நாரிலிருந்து வரும் கழிவில் உப்பு தங்கியிருக்கும். 'குறைந்த இ.சி.' (உப்பு குறைவு) என்று கட்டியில் அச்சிட்டிருந்தாலும் கலவை போடுமுன் கழுவிவிடுவது நல்லது. பழைய பருத்திப் புடவையை டிரம்மின் வாயில் தொட்டிலாகக் கட்டி, ஊறிய தூளை அதில் கொட்டி, மேலிருந்து தண்ணீர் ஊற்றுங்கள். வடியும் நீரின் பழுப்பு நிறம் பிரச்சினை இல்லை, உப்புதான் பிரச்சினை. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் ஊற்றும் தண்ணீரையும் வடியும் தண்ணீரையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 200 பி.பி.எம்.முக்குள் வரும்வரை அலசவும். போர் தண்ணீரே ஆயிரத்தைத் தாண்டும் தெருக்களில் வெறும் எண்ணைப் பார்த்து ஒன்றும் தெரியாது, வித்தியாசம்தான் கணக்கு. கடைசி அலசலுக்காவது மெட்ரோ வாட்டர் கிடைத்தால் நல்லது. மாடியில் கூலிங் பெயின்ட் அடித்திருந்தால் இந்த வேலையைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பழுப்புக் கறை லேசில் போகாது.

விதைதான் பெரிய ஏமாற்றம். பத்தில் ஊட்டிக் குளிருக்கான கேரட்டும் காலிஃபிளவரும் இருக்கின்றன. மாசியில் சென்னை மாடியில் இரண்டுக்கும் வேலை இல்லை. பெட்டியைக் கட்டியவர் சென்னைக்கு மார்ச்சில் வந்ததே இல்லை போலும். தக்காளி முளைக்கும், வளரும், சித்திரையில் பூவும் வைக்கும். ராத்திரியிலும் சூடு 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்காத நாட்களில் மகரந்தம் கெட்டுப் பூ காம்போடு உதிரும். உரம் போட்டுப் பயனில்லை. தக்காளிதான் வேண்டும் என்றால் தையிலேயே 25 நாள் நாற்றாக வாங்கி நடவேண்டும்.

தேறுவது வெண்டை, கத்தரி, கொத்தவரை, வெள்ளரி, தண்டுக்கீரை. வெண்டையை ராத்திரி ஊறவைத்து, பைக்கு மூன்று விதை, முக்கால் அங்குல ஆழத்தில் ஊன்றி, பிறகு இரண்டை மட்டும் விடுங்கள். 45 நாளில் முதல் காய். இரண்டு பையில் நாலு செடி வைத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் நாலைந்து காய்தான் வரும். சாம்பாரில் போடலாம், நாலு பேருக்குப் பொரியல் ஆகாது. கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டால் போதும், 25 முதல் 30 நாளில் இளங்கீரையாகப் பறிக்கலாம். முதல்முறை தோட்டம் போடுகிறவருக்கு இதைவிடத் தெம்பு தருவது வேறில்லை.

பெட்டியில் உள்ள தர்பூசணி விதையைப் போடுவதானால் அதற்கு ஒரு முழுப் பை, ஒரே கொடி, ஒரே காய். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, அது உதிர்வது இயல்பு. பூவுக்குக் கீழே கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருந்தால் பெண் பூ. தேனீ வராத அடுக்குமாடியில் காலை ஒன்பதுக்குள் ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு அதன் நடுவைப் பெண் பூவின் மேல் தொட்டுவிடுங்கள். பழுக்கும் சமயத்தில் காயவிட்டுத் திடீரென்று குடம் குடமாக ஊற்றினால் பழம் வெடிக்கும்.

வேப்பெண்ணெய் பாட்டிலில் அசாடிராக்டின் (பூச்சியைத் தடுக்கும் வேம்புச் சத்து) அளவு போடவில்லை, அதனால் வெறும் எண்ணெய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 5 மில்லி. முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மில்லி சோப்புக் கரைசல், பிறகு எண்ணெய், பிறகுதான் மீதித் தண்ணீர். வரிசை மாறினால் எண்ணெய் மிதக்கும், இலை கருகும். ஐந்து மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கவேண்டும். வெள்ளை ஈ அங்கேதான் இருக்கிறது. வெண்டையில் நரம்பு மஞ்சளாகும் வைரஸைப் பரப்புவது அதுதான். வலைபோல் மஞ்சளான செடியை மருந்தால் மீட்க முடியாது, பிடுங்கி எறியுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கோகோபீட் கண்ணை ஏமாற்றும். மேலே வறண்டு வெளுத்திருக்கும், இரண்டு அங்குலம் கீழே சொதசொதவென்று இருக்கும். விரலை விட்டுப் பார்த்து ஊற்றுங்கள். பைக்கு அடியில் இரண்டு செங்கல் வையுங்கள், தரை ஈரம் காயும், வேரும் தளத்துக்குள் இறங்காது.

பைக்காக வாங்கலாம், விதைக்காக வேண்டாம். பெட்டி பங்குனி பாதியில்தான் வந்து சேருமென்றால் கீரையை மட்டும் விதைத்துவிட்டு, மற்ற விதைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் ஆடிப்பட்டம் வரை வையுங்கள். விதைக்குமுன் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து பாருங்கள், ஏழாவது முளைக்காத பாக்கெட்டுக்குப் பையை ஒதுக்க வேண்டாம்.