எட்டு வருஷமா ஓட்டுற ஃபோர் வீல் டிரைவ் வண்டியும் என் இடது காலும்

சித்தப்பா பையன் பழைய ஃபோர் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் இஞ்சின் பலம் போவுற வண்டி) ஒண்ணு பாத்து வச்சிகினு "வாங்கலாமாண்ணா"ன்னு நேத்து நைட்டு கேட்டான், போன்ல சொல்லி முடியல, இங்க எழுதினா மத்தவங்களுக்கும் ஆகும். என்னுது 2004 மாடல் டீசல், 2017ல வேலூர்லயே வாங்கினது. 2019ல 15 வருஷம் முடிஞ்சி ஆர்சி ரெனியூவல், 2024ல திரும்பவும். மைலேஜ், குலுக்கல் எல்லாம் உனக்கே தெரியும், அத விடு தம்பி.

எனக்கு கோவமே ஒரு ஓட்டை மேலதான். ஃபோர் வீல் லிவர் தரைய தொளச்சிகினு மேல வருது இல்ல, அத மூடுற ரப்பர் கிழிஞ்சி போச்சி, கியர்பாக்ஸ் சூடு சைலன்சர் சூடு மொத்தமும் அது வழியா ஏறி சித்திரை வெயில்ல ஆம்பூர் போய்ட்டு வந்தா இடது கணுக்கால் செவந்துடும், ஏசி போட்டும் கால் எரியும். அந்த ரப்பர் எங்கயும் கிடைக்கல. மெக்கானிக் ரெண்டு தடவ துணிய அடைச்சி காசு வாங்கினாரு, மாசம் தாங்கல. கடைசியில பேரணாம்பட்டுல ஷூ தைக்கிறவர் ஒருத்தர் கிழிஞ்ச ரப்பர அளவு வச்சி, தடியான தோல்ல நாலு மடிப்பு விட்டு தச்சி குடுத்தாரு. லிவர எந்த பக்கம் தள்ளினாலும் தையல் இழுக்கல, என்னா கைவேலைங்க அது! சூடு பாதிதான் கொறஞ்சிது, மீதி இன்னும் இருக்கு.

ஆனா போன ஐப்பசில ஒடுகத்தூர் தாண்டி மலை மண் ரோடு, மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆவல, எறங்கி ரெண்டு முன் வீல் ஹப்பையும் (சக்கரத்து நடுவுல இருக்குற குமிழ், அத திருப்பினாத்தான் முன் சக்கரம் ஆக்சிலோட சேரும்) கையால லாக் பண்ணி, லோ ரேஞ்ச்ல, அதான் மெதுவா ஆனா பலமா இழுக்குற கியர்ல, ஃபர்ஸ்ட் கியர் போட்டேன், பிரேக்க தொடவே இல்ல, இஞ்சினே புடிச்சிகினு பதமா எறக்கிச்சி. அந்த பத்து நிமிஷத்துக்கு எதையும் மன்னிக்கலாம்.

காஞ்ச தார் ரோட்டுல மட்டும் ஃபோர் வீல் போடாத. இந்த மாதிரி வண்டில முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃபரன்ஷியல் நடுவுல கிடையாது, வளைவுல முன் சக்கரம் பின்னத விட அதிக தூரம் ஓடணும், தார்ல அதுக்கு வழுக்க வழியில்லாம உள்ள முறுக்கேறி லிவர் வெளிய வராது. அப்படி மாட்டினா கொஞ்சம் ரிவர்ஸ் எடு, விட்டுடும். என் வண்டில ஒரு ஹப்ப வருஷக்கணக்கா யாரும் திருப்பாம துரு புடிச்சி கெடந்தது, வாங்கின மாசமே செலவு.

தெனம் காட்பாடிக்கு வேலைக்கு போய்வரத்தான்னா வேணவே வேணாம்டா, சொல்லிட்டேன். என்னுத கேட்டா தரமாட்டேன். ஞாயித்துக்கெழம வா, அந்த வண்டி ஹப்ப ரெண்டு பேருமா திருப்பி பாத்துடலாம்.