ஜாக்சன் ஹைட்ஸ் ஸ்டுடியோ கோ-ஆப்: வாங்கும் முன்னும் குடியிருக்கும்போதும்

நியூயார்க் குவீன்ஸில் உள்ள ஜாக்சன் ஹைட்ஸில் ஒரு ஸ்டுடியோ கோ-ஆப் விற்பனைக்கு வந்தால், விளம்பரப் படத்தில் மரத்தரையும் உயரமான கூரையும் உள்தோட்டமும் தெரியும். பாய்லரும் கட்டடத்தின் வரவு செலவுக் கணக்கும் தெரியாது. குடிபோன பிறகு நம் நிம்மதியையும் சேமிப்பையும் தீர்மானிப்பவை இந்த இரண்டும்தான். ஸ்டுடியோ என்பது ஒரே அறை, அதைப் பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிடலாம். மிச்ச நேரத்தைக் கட்டடத்துக்குக் கொடுங்கள்.

கோ-ஆப்பில் வீடு நம் பெயரில் பத்திரமாகாது. கட்டடம் முழுவதும் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். நாம் வாங்குவது அதன் பங்குகளும், அவற்றோடு சேர்ந்து வரும் குத்தகை உரிமையும். இதில் ஒரு நல்ல லாபம் உண்டு. வீடு நம் பெயரிலேயே பத்திரமாகும் காண்டோவுக்குக் கடன் எடுத்தால் கட்ட வேண்டிய அடமானப் பதிவு வரி கோ-ஆப் கடனுக்குக் கிடையாது. மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸில் சொத்து வரி, கட்டடத்தின் பேரில் உள்ள பொதுக் கடனின் தவணை, குளிர்கால வெப்பம், வெந்நீர், ஊழியர் சம்பளம், கட்டடக் காப்பீடு எல்லாம் அடங்கிவிடும். மின்சாரம் பெரும்பாலும் தனி.

பணக் கணக்கை ஒரு எடுத்துக்காட்டோடு போட்டுப் பார்க்கலாம். விலை 2,50,000 டாலர், முன்பணம் 20 சதவீதம், அதாவது 50,000. மீதி 2,00,000 டாலருக்கு 6.5 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 1,264. மெயின்டனன்ஸ் 750 என்று வையுங்கள். மொத்தம் 2,014. மாத வருமானத்தில் இது 28 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று கட்டடத்தின் நிர்வாகக் குழுவான போர்டு சொன்னால், ஆண்டு வருமானம் 86,000 டாலருக்கு மேல் காட்ட வேண்டும். பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். வாங்கி முடித்த பிறகும் தவணையையும் மெயின்டனன்ஸையும் ஓராண்டு அல்லது ஈராண்டுக்குக் கட்டப் போதுமான பணம் வங்கியில் இருக்க வேண்டும் என்று பல போர்டுகள் எதிர்பார்க்கும். ஈராண்டு என்றால் 48,000 டாலருக்குமேல். இருப்பதையெல்லாம் திரட்டி முன்பணத்தில் போட்டுவிட்டு விண்ணப்பித்தால், வருமானம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மறுப்புதான் வரும். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயமும் போர்டுக்குப் பொதுவாக இல்லை. ஸ்டுடியோ மிகச் சிறியதாக இருந்தால் சில வங்கிகள் கடனே தராது. அதனால் விலை பேசும் முன்பே சதுர அடியைச் சொல்லி வங்கியிடம் கேட்டுவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் வக்கீல் கடைசி இரண்டு ஆண்டுக் கணக்குகளையும் போர்டு கூட்டக் குறிப்புகளையும் படித்தே ஆக வேண்டும். ‘கணக்கு நன்றாக இருக்கிறது’ என்ற ஒற்றை வரிப் பதில் போதாது. பொதுக் கடன் எந்த ஆண்டில் முடிகிறது? குறைந்த வட்டியில் வாங்கிய கடனை அதிக வட்டிக்குப் புதுப்பிக்க வேண்டி வந்தால் மெயின்டனன்ஸ் ஏறும். கையிருப்பு நிதி எவ்வளவு? கூரை, லிப்ட், பாய்லர் ஆகியவற்றில் எது அடுத்து மாற்ற வேண்டியது? கையிருப்பு இல்லாத கட்டடத்தில் அந்தச் செலவு ‘அசெஸ்மென்ட்’ என்ற பெயரில் நம் தலையில் வந்து விழும். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு நியூயார்க் நகரின் உள்ளூர்ச் சட்டம் 97-இன்படி 2024 முதல் கார்பன் உமிழ்வுக்கு வரம்பு உண்டு. 2030-இல் அது இறுகும். மீறினால், கூடுதலாக உமிழும் ஒவ்வொரு டன்னுக்கும் 268 டாலர் அபராதம். போர்டு இதற்கு என்ன திட்டம் வைத்திருக்கிறது என்று நேராகவே கேளுங்கள். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை முகப்புப் பரிசோதனை கட்டாயம். இங்குள்ள பழைய கட்டடங்களில் பல ஆறு மாடிக்குள் அடங்குவதால் அந்தப் பெரிய செலவிலிருந்து தப்புகின்றன.

இனி வெப்பம். 1920களில் எழுந்த கட்டடங்கள் பலவற்றில் ஒற்றைக் குழாய் நீராவி முறைதான். நீராவி மேலே வருவதும், குளிர்ந்த தண்ணீர் கீழே திரும்புவதும் அதே குழாயில். ரேடியேட்டர் வால்வைப் பாதி திறந்து வைத்தால், திரும்பும் தண்ணீர் எதிரே வரும் நீராவியில் மாட்டிக்கொள்ளும். நள்ளிரவில் சுத்தியலால் அடிப்பது போன்ற ‘டங் டங்’ சத்தம் அதனால்தான். வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் முழுக்க மூடியிருக்க வேண்டும். அப்படியும் சத்தம் நிற்கவில்லையென்றால் ரேடியேட்டர் மேல் ஒரு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். வால்வு இருக்கும் பக்கமாகச் சற்றுச் சரிந்திருக்க வேண்டும். பழைய தரை அமுங்கி சரிவு மாறியிருந்தால், மறுகோடிக் கால்களுக்கு அடியில் மெல்லிய பட்டை கொடுத்து உயர்த்தினால் போதும். பக்கவாட்டில் உள்ள சிறிய காற்றுப்போக்கி ஓயாமல் சீறினாலோ தண்ணீரைத் துப்பினாலோ அது தேய்ந்துவிட்டது. ரேடியேட்டர் பாதி மட்டும் சூடேறினால் பெரும்பாலும் அந்தக் காற்றுப்போக்கி அடைத்திருக்கிறது. மலிவான பாகம்தான். வால்வை மூடி, ரேடியேட்டர் நன்றாக ஆறிய பிறகு, புதியதின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றித் திருகலாம். ஒரே அறை என்பதால் அனல் தாங்காமல் ஜனவரியிலும் ஜன்னலைத் திறந்து வைப்பவர்கள் உண்டு. ரேடியேட்டருக்கும் காற்றுப்போக்கிக்கும் நடுவில், அறைச் சூட்டுக்கேற்பத் தானே மூடிக்கொள்ளும் தெர்மோஸ்டாட் வால்வு பொருத்தினால் இது அடங்கும். நான் பார்த்தவரை ஸ்டுடியோவுக்கு இதைவிடப் பயனுள்ள சிறு செலவு வேறில்லை. சூடு போதவில்லை என்றால் சட்டம் நம் பக்கம். அக்டோபர் 1 முதல் மே 31 வரை, வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே போனால், காலை 6 முதல் இரவு 10 வரை உள்ளே 68 டிகிரி இருக்க வேண்டும். இரவில், வெளியே எப்படி இருந்தாலும், 62.

அடுத்து மின்சாரம். வீட்டில் எத்தனை சர்க்யூட் என்று பெட்டியைத் திறந்து எண்ணுங்கள். 15 ஆம்பியர், 120 வோல்ட் என்றால் ஒரு சர்க்யூட்டுக்கு 1,800 வாட்தான். 1,800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றே அதை விழுங்கிவிடும், கூடவே ஜன்னல் ஏசி ஓடினால் பிரேக்கர் விழும். கேஸ் அடுப்பு இருக்கும்போது இது எதற்கு என்று தோன்றலாம். பரிசோதனையில் கேஸ் குழாயில் கசிவு தெரிந்தால் இணைப்பை நிறுத்திவிடுவார்கள், திரும்ப வர மாதக்கணக்கில் ஆவதுண்டு. அந்த மாதங்களில் குக்கர் வைக்க ஒரு தனி சர்க்யூட் இருப்பது பெரிய ஆறுதல். சமையலறைப் புகைபோக்கி பெரும்பாலும் காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே விடும் வகை. தாளிக்கும் வீட்டுக்கு அது போதாது, ஜன்னல் உள்ள சமையலறையாகப் பாருங்கள்.

இடத்தைப் பற்றிக் குறை சொல்ல எதுவும் இல்லை. 74ஆம் தெரு நிலையத்தில் இ, எஃப், எம், ஆர், 7 என ஐந்து ரயில்கள். கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் அதே தெருவில் நடந்து போய் வாங்கலாம். லகார்டியா விமான நிலையத்துக்கு க்யூ70 பேருந்து இலவசம். 34ஆம் அவென்யூ 2020 முதல் நடப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பகலில் திறந்து விடப்பட்டிருக்கிறது. ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு 7ஆம் ரயிலில் கடைசி நிறுத்தம் வரை போக வேண்டும். ரூஸ்வெல்ட் அவென்யூவை ஒட்டிய ஜன்னல் மட்டும் வேண்டாம், மேம்பாலத்தில் ரயில் இரவெல்லாம் ஓடும்.

விதிகளையும் முன்கூட்டியே படியுங்கள். வீட்டுக்குள் துணி துவைக்கும் இயந்திரம் பல கட்டடங்களில் கூடாது. தரையில் 80 சதவீதம் கம்பளம் விரிக்கச் சொல்வது வழக்கம். வரலாற்றுப் பகுதியாக 1993-இல் அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் ஜன்னல் மாற்ற நகரத்தின் அனுமதியும் வேண்டும். வேலை மாறி வேறு ஊர் போக வாய்ப்புள்ளவர்களுக்கு வாடகை விதிதான் முக்கியம். சில ஆண்டுகள் குடியிருந்த பிறகே, அதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே வாடகைக்கு விடலாம் என்பது பரவலான ஏற்பாடு. அது ஒத்துவராவிட்டால் விற்கத்தான் வேண்டியிருக்கும். ஐந்து லட்சம் டாலர் வரையிலான விலைக்கு நகர மாற்று வரி 1 சதவீதம், மாநில வரி 0.4 சதவீதம், அதற்குமேல் விற்பனையின்போது கட்டடம் வாங்கும் கட்டணமான ஃப்ளிப் டாக்ஸ், தரகு. இரண்டு மூன்று ஆண்டில் கிளம்புபவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, வாடகைக்கு இருப்பதே மேல்.