நிகழ்ச்சித் தொடக்கத்துக்கு ஸ்லைடோ: ஒரு பயனர் மதிப்பீடு

நிறுவனங்கள் நடத்தும் மாநாடு, விற்பனையாளர் சந்திப்பு, ஆண்டுக் கூட்டம் ஆகியவற்றில் முதல் கால் மணி நேரம் பெரும்பாலும் வரவேற்புரைக்கும், விருந்தினர் பெயர்களை வரிசையாக வாசிப்பதற்கும், நிறுவனத்தின் பெருமைகளைச் சொல்லும் காணொளிக்கும் போய்விடுகிறது. வந்தவர்களோ அந்த நேரத்தில் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இத்தகைய தொடக்கங்களைத் திட்டமிட்டுக் கொடுப்பதே என் வேலை என்பதால், பார்வையாளர்களின் கைபேசியை நிகழ்ச்சியின் பகுதியாகவே மாற்றித் தரும் கருவிகளைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். அவற்றுள், பார்வையாளர்களிடம் கேள்வி கேட்டு அவர்கள் கைபேசியில் தரும் பதில்களைத் திரையில் காட்டும் ஸ்லைடோவைத் தொடக்க நேரத்துக்கான கருவி என்ற ஒரே கோணத்தில் இங்கே மதிப்பிடுகிறேன்.

ஸ்லோவாக்கியாவின் தலைநகரான பிராட்டிஸ்லாவாவில் 2012-இல் தொடங்கப்பட்ட இந்தச் சேவை 2021-இல் அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனமான சிஸ்கோவின் வசம் வந்தது. திரையில் தெரியும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தோ, இணையதளத்தில் நிகழ்ச்சிக்கான எண்ணைத் தட்டியோ எவரும் உள்ளே வரலாம். செயலியை நிறுவ வேண்டியதில்லை, பார்வையாளர்கள் கணக்குத் தொடங்கவும் வேண்டியதில்லை. அரங்கில் இருப்பவர்கள் பொறுமை காட்டும் நேரம் மிகக் குறைவு என்பதால், தொடக்கத்துக்கு இந்த எளிமைதான் முதல் தகுதி. பவர்பாயிண்ட், கூகுள் ஸ்லைட்ஸ் ஆகியவற்றுக்குள்ளேயே கேள்விகளைச் செருகிவிடலாம். அதனால் பேச்சாளர் ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தடுமாறுவதில்லை.

ஸ்லைடோவின் கேள்வி வகைகளுள் தொடக்கத்துக்கு மிகவும் பொருந்துவது சொல் மேகம். ஒரு கேள்விக்கு எல்லோரும் ஓரிரு சொற்களில் பதில் எழுத, அதிகம் பேர் எழுதிய சொல் திரையில் பெரிதாகத் தெரியும். ஒரு விற்பனையாளர் சந்திப்பில், "இந்த ஆண்டு வாடிக்கையாளரிடம் நீங்கள் அதிகமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது எதற்காக?" என்று கேட்டோம். 'விலை' என்ற சொல்தான் பெரிதாக வரும் என்று மேடையில் இருந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். 'தாமதம்' என்பது திரையின் நடுவில் வந்து நின்றது, 'விலை' ஓர் ஓரத்தில் சிறிதாகக் கிடந்தது. நிர்வாக இயக்குநர் வளர்ச்சி விகிதங்கள் அடங்கிய தன் முதல் சில ஸ்லைடுகளைத் தள்ளிவைத்துவிட்டு, பொருள் கிடங்கிலிருந்து கடைக்குப் போய்ச் சேர ஏன் இவ்வளவு நாளாகிறது என்பதிலிருந்தே பேசத் தொடங்கினார். பின்வரிசை வரை எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்ததை அன்று பார்த்தேன்.

இந்த மதிப்பீட்டில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவதும் இதுதான். பார்வையாளர்கள் சொன்ன பதிலால் அடுத்துப் பேசுபவரின் பேச்சில் ஏதாவது ஒன்று மாற வேண்டும். அப்படி மாறாவிட்டால், கருவி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அந்தக் கேள்வி வெறும் அலங்காரம்தான். "நல்ல பதில்கள், நன்றி" என்று சொல்லிவிட்டு முன்பே எழுதிவைத்த உரைக்குத் தொகுப்பாளர் திரும்பிப் போனால், அடுத்த கேள்விக்குப் பதில் எழுதுபவர்களின் எண்ணிக்கை கண்கூடாகக் குறையும். ஆகவே ஸ்லைடோவுக்குக் கணக்குத் தொடங்கும் முன்பே முதன்மைப் பேச்சாளரிடம் உட்கார்ந்து பேசி, எந்தப் பதில் வந்தால் அவர் எங்கிருந்து தொடங்குவார் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு மூன்று பதில்களுக்கு இப்படி ஆயத்தமாக இருந்தாலே போதும்.

கேள்வி முடியும் வரை முடிவுகளை மறைத்து வைக்கும் வசதியைப் பலர் கண்டுகொள்வதில்லை. சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து விழுவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும்; ஆனால் முதலில் பெரிதான சொல்லையே பின்னால் வருபவர்களும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் நடத்திய சோதனைகளில், கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த விடையைக்கூடக் கூட்டத்துக்காக மாற்றிச் சொன்னவர்கள் பலர் இருந்தார்கள். மேலதிகாரிகளும் உட்கார்ந்திருக்கும் அரங்கில் அந்த இழுப்பு இன்னும் கூடும். உண்மையான பதில் வேண்டுமென்றால் ஒரு நிமிடம் மறைத்து வைத்து, பிறகு ஒரேயடியாகக் காட்டுவதே நல்லது. அந்த ஒரு நிமிடத்தில் தொகுப்பாளர் என்ன பேசப் போகிறார் என்பதையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

சொல் மேகத்தில் ஒரு குறை உண்டு. ஒரே கருத்தை ஒருவர் தமிழிலும் இன்னொருவர் ஆங்கிலத்திலும் எழுதினால், அல்லது எழுத்துப்பிழையோடு எழுதினால், அவை தனித்தனிச் சொற்களாகச் சிதறி, அந்தக் கருத்தின் உண்மையான கனம் திரையில் தெரியாமல் போகும். பல மொழி பேசுபவர்கள் கூடும் நிகழ்ச்சி என்றால், விடைகளை நாமே கொடுத்துத் தேர்வு செய்யச் சொல்லும் கேள்விதான் பாதுகாப்பானது. அதில் எதிர்பாராத பதில் வரும் வாய்ப்பை இழக்கிறோம் என்றாலும், வரும் முடிவை நம்பலாம்.

பார்வையாளர்கள் கேள்வி அனுப்பும் பகுதியை நிகழ்ச்சியின் கடைசியில்தான் திறக்க வேண்டும் என்றொரு பழக்கம் இருக்கிறது. தொடக்கத்திலேயே திறந்துவிடுவதை நான் வலியுறுத்துகிறேன். பெயரைச் சொல்லாமல் கேட்கலாம், பிறர் கேட்ட கேள்விக்கு ஆதரவு தெரிவித்து அதை மேலே கொண்டுவரலாம் என்பதால், பேச்சாளர் மேடை ஏறும் முன்பே அரங்கின் மனநிலை பட்டியலாக அவர் கைக்கு வந்துவிடும். கேள்விகளைத் திரைக்கு அனுப்பும் முன் படித்துப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். ஆனால் சங்கடமான கேள்விகளை வடிகட்டுவதற்காக அவரைப் பயன்படுத்தினால், கேட்டவர்கள் அதைக் கவனிக்காமல் இருக்கமாட்டார்கள்.

புள்ளிகளும் வெற்றியாளர் பட்டியலும் கொண்ட வினாடி வினாவும் ஸ்லைடோவில் உண்டு. அந்த வகையில் நார்வேயில் உருவான வினாடி வினாக் கருவியான கஹூட்டின் விறுவிறுப்பு எனக்கு இன்னும் கூடுதலாகப் பிடிக்கிறது. ஆயினும் இரண்டையும் உணவு இடைவேளைக்குப் பிறகு வைத்துக்கொள்வதே பொருத்தம். இதே போன்ற இன்னொரு கருவியான ஸ்வீடனின் மென்டிமீட்டர் தோற்றத்தில் ஸ்லைடோவை மிஞ்சுகிறது; கேள்வி பதில் பகுதியைக் கையாள்வதில் ஸ்லைடோவே எனக்கு எளிதாக இருக்கிறது.

நடைமுறையில் பெரும்பாலான சிக்கல்கள் கருவிக்கு வெளியேதான் எழுகின்றன. கியூஆர் குறியீட்டின் அகலம், அதை ஸ்கேன் செய்யும் தூரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 20 மீட்டர் தொலைவில் உட்கார்ந்திருப்பவருக்கு 2 மீட்டர் அகலக் குறியீடு தேவைப்படும். அவ்வளவு பெரிதாகக் காட்டத் திரையில் இடமில்லை என்றால் இருக்கைகளிலும் அடையாள அட்டைகளிலும் அச்சிட்டு வையுங்கள். மக்கள் உள்ளே வந்து அமரும்போதே குறியீடு திரையில் இருந்தால், இணைவதற்கான நேரம் நிகழ்ச்சியிலிருந்து கழியாது. இலவசத் திட்டத்தில் பங்கேற்பாளர் எண்ணிக்கைக்கும் கேள்விகளுக்கும் வரம்பு உண்டு என்பதால், எத்தனை பேர் வருவார்கள் என்று தெரிந்த பிறகே திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அரங்கின் வைஃபையை, ஆளில்லாத முந்தைய நாள் மாலையில் சோதித்துப் பார்த்துத் திருப்தியடைய வேண்டாம். ஒரே நேரத்தில் எத்தனை கருவிகளைத் தாங்கும் என்று அதைப் பராமரிப்பவரிடமே கேட்டுவிடுங்கள். அப்படியும் இணைப்பு அறுந்தால், அதே கேள்வியைக் கை தூக்கச் சொல்லிக் கேட்கவும், இரண்டு பேர் மைக்கோடு வரிசைகளுக்கு இடையே போகவும் ஆயத்தமாக இருங்கள்.