ஸ்லீப் லேபா, சொந்தக் கட்டிலா? வீல்சேரில் போகிறவருக்கு ஸ்லீப் ஆப்னியா சிகிச்சையில் எது தோது

ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைப்படும் நோய், இருக்கலாம் என்று சந்தேகம் வந்ததும் மருத்துவர் இரண்டு வழி சொன்னார். மருத்துவமனை ஸ்லீப் லேபில் ஓர் இரவு தங்கலாம். இல்லையென்றால் சின்னக் கருவி ஒன்றை வாங்கிவந்து வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கலாம். எனக்கு இடுப்புக்குக் கீழே இயக்கம் இல்லை. கைகளும் மூச்சுத் தசைகளும் நன்றாக இருக்கின்றன. நான் வீட்டைத்தான் தேர்ந்தெடுத்தேன். இதே நிலையில் இருக்கிற யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

லேபின் பலம் தெரிந்ததுதான். மூளை அலை, கண்ணசைவு, தாடைத் தசை, இதயத் துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் எல்லாம் பதிவாகும். சென்சார் கழன்றால் டெக்னீஷியன் வந்து ஒட்டுவார். வீட்டுக் கருவியில் பெரும்பாலும் மூக்கில் ஒரு குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, விரலில் ரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர், அவ்வளவுதான். நாம் தூங்குகிறோமா, விழித்துக் கிடக்கிறோமா என்று அதற்குத் தெரியாது. மூச்சுத் தடைப்பட்ட தடவைகளை, பதிவு ஓடிய மொத்த நேரத்தால் வகுத்துவிடும். அதனால் எண்ணிக்கை கொஞ்சம் குறைத்தே வரும். மணிக்கு 5 முதல் 15 தடவை வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம் என்று பிரிக்கிறார்கள். எல்லையில் நிற்கிறவருக்கு இந்தக் குறை முக்கியம்தான்.

ஆனால் வீல்சேரில் போகிறவருக்கு முடிவைத் தீர்மானிப்பது கட்டில்.

லேபில் கட்டில் வீல்சேர் இருக்கையைவிட உயரமாக இருந்தால், டிரான்ஸ்ஃபர் போர்டில் (நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு நகர்ந்து போக வைக்கும் பலகை) ஏறுவது மேட்டில் ஏறுவது மாதிரி. தோள்தான் பாடுபடும். தூக்கிவிட டெக்னீஷியனுக்குப் பயிற்சி இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. சரி, எப்படியோ ஏறிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் புரள வேண்டும். உணர்ச்சியில்லாத உடம்பை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பாவிட்டால் படுக்கைப் புண் பயம். வீட்டில் கட்டில் கம்பியைப் பிடித்து இழுத்து நானே ஒருக்களித்துக்கொள்வேன். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, முதுகுக்குப் பின்னால் இன்னொன்று. பிடிக்கக் கம்பியில்லாத கட்டிலில், தலையெல்லாம் ஒயரோடு, மல்லாந்து கிடப்பதைத் தவிர வழியில்லை.

இது வெறும் சௌகரியப் பிரச்சினை இல்லை. மல்லாந்து படுத்தால் நாக்கும் தொண்டைச் சதையும் பின்னால் சரியும். பலருக்கு மூச்சுத் தடை அப்போதுதான் அதிகமாகும். ஒருக்களித்தே தூங்குகிற ஒருவரை இரவு முழுக்க மல்லாத்திப் போட்டு அளந்தால், அவர் வீட்டில் ஒருநாளும் தூங்காத ஒரு தூக்கத்தின் கணக்குதான் கிடைக்கும். வீட்டுக் கருவி குறைத்துச் சொல்லலாம், லேப் கூட்டிச் சொல்லலாம். எனக்கு என் கட்டிலில் நடப்பதைச் சொல்லும் எண் தேவைப்பட்டது.

வீட்டில் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: கம்பியைப் பிடிக்கும் கையில் ஆக்சிமீட்டரை மாட்டாதீர்கள். முதல் புரளலிலேயே கழன்றுவிடும். மற்ற கையில் மாட்டி, ஒயரை மணிக்கட்டில் டேப் போட்டு ஒட்டிக்கொண்டால் காலை வரை நிற்கும். பட்டையின் கொக்கி முதுகுப் பக்கமோ விலாப் பக்கமோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழுந்தினாலும் நமக்குத் தெரியாது.

ஆனாலும் லேபுக்கே போக வேண்டியவர்கள் உண்டு. கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவர்கள், தசைச் சிதைவு நோய் உள்ளவர்கள், கடுமையான இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், ஓபியாய்டு வகை வலி மாத்திரை தொடர்ந்து எடுப்பவர்கள். இவர்களுக்குத் தொண்டை அடைப்பு மட்டும் பிரச்சினையாக இருக்காது. மூச்சே ஆழமில்லாமல் ஓடி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறலாம், அல்லது மூச்சுவிடும் உத்தரவே மூளையிலிருந்து வராமல் போகலாம். சாதாரண வீட்டுக் கருவி கார்பன் டை ஆக்சைடை அளக்காது. அப்படிப்பட்டவர்களுக்கு சி-பேப் (மாஸ்க் வழியே காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்துவைக்கும் கருவி) போதாமல் பை-பேப் (மூச்சை இழுக்கும்போது அதிகமாகவும் விடும்போது குறைவாகவும் அழுத்தம் தருவது) தேவைப்படவும் கூடும். கழுத்துக் காயத்தோடு வாழும் அனுபவம் எனக்கில்லை, அதனால் இதில் மருத்துவர் சொல்வதே முடிவு. லேபுக்குப் போவதென்றால் முன்கூட்டியே போன் செய்து கட்டில் உயரத்தை சென்டிமீட்டரில் கேளுங்கள். ஏற்றி இறக்குகிற கட்டில் உண்டா, பக்கக் கம்பி உண்டா, ஆள் தூக்கும் ஹாய்ஸ்ட் இருக்கிறதா, துணைக்கு ஒருவர் தங்கலாமா என்பதையும்.

சிகிச்சை தொடங்கும்போதும் இதே கேள்வி திரும்ப வரும். லேபில் இன்னோர் இரவு தங்கி, டெக்னீஷியன் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்து ஒரே அளவில் நிறுத்துவது ஒரு முறை. மூச்சுக்கு ஏற்ப அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ சி-பேப் இன்னொன்று. பொதுவாக 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தம் வரை போகும். சிக்கல் இல்லாத ஸ்லீப் ஆப்னியாவுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன் தருகின்றன. ஒருக்களித்திருக்கும்போது குறைவாகவும், மல்லாந்ததும் அதிகமாகவும் தருவதால் எனக்கு ஆட்டோதான் பிடித்திருக்கிறது. அழுத்தம் மாறும்போது விழித்துக்கொள்கிறவர்களுக்கு நிலையான அழுத்தமே மேல்.

ஒரே ஒரு காரியத்துக்கு மருத்துவமனைக்கு நேரில் போவது பிரயோசனம்: மாஸ்க் அளவு பார்க்க. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாட்டிப் பார்த்து அனுப்பிவிடுவார்கள். விடாதீர்கள். படுத்தால் கன்னச் சதை சரிந்து முகத்தின் வடிவமே மாறும்; உட்கார்ந்து கச்சிதமாக இருந்த மாஸ்க் படுத்ததும் கண்ணில் காற்றடிக்கும். சிரமப்பட்டாவது அங்கே கட்டிலுக்கு மாறி, வழக்கமாகப் படுக்கும் பக்கம் திரும்பி, காற்றை ஓடவிட்டுப் பாருங்கள். மாஸ்க்கை உங்கள் கையாலேயே கழற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கில் வாந்தி வந்து, கழற்ற முடியாமல் போனால் உயிருக்கே ஆபத்து. கை பலமில்லாதவர்களுக்குக் காந்தக் கொக்கி சுலபம்; ஆனால் பேஸ்மேக்கர், மூளை ஷண்ட் (மூளையில் தேங்கும் நீரை வடிக்கும் குழாய்) போன்றவை உடம்புக்குள் இருந்தால் காந்தம் கூடாது.

அப்புறம் மாதாமாதம் வீல்சேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை. எத்தனை மணி நேரம் போட்டோம், காற்று எவ்வளவு கசிகிறது, இன்னும் எத்தனை தடவை மூச்சு நிற்கிறது என்பதைப் பல கருவிகள் தாமாகவே அனுப்பிவிடும், இல்லையென்றால் மெமரி கார்டில் பதியும். எண்ணிக்கை மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் நல்லது. ஏறினால் சில கருவிகளில் அழுத்தத்தை மருத்துவமனையிலிருந்தே மாற்றலாம். வாங்கும் முன் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.