அடிப்பாகத்தைத் திறக்காமலே போட்ட சர்வீஸ் பில்

தொண்டிப் பக்கமிருந்து குட்டியானையில் ஏற்றிக் காரைக்குடிக்கு வரும் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்னால் மாட்டுவது), பம்ப்செட்டும் டூவீலரும் பார்க்கிற பட்டறைக்குப் போய்ச் சேர்வது உண்டு. அப்படி ஒரு பட்டறையில் விட்ட யமஹா 15 எச்பி டூ ஸ்ட்ரோக் மோட்டாருக்கு வந்த பில் 9,800 ரூபாய். இம்பெல்லர், கியர் ஆயில், இரண்டு பிளக், கார்புரேட்டர் கிளீனிங், அனோடு, பெயின்டிங் என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். ஒழுங்காக நடந்தது பெயின்டிங் மட்டும். பட்டறைப் பெயர் இங்கே வராது. எதைப் பார்த்தால் பிடிபடும் என்பதுதான் அடுத்தவருக்கு உதவும்.

முதலில் போல்ட். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீரை மேலே ஏற்றும் ரப்பர் சக்கரம்தான் இம்பெல்லர். அது மேலே எஞ்சின் பக்கம் இல்லை, கியர் பாக்ஸின் தலையில், டிரைவ் ஷாஃப்டில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் கியர் பாக்ஸ் இருக்கும் அடிப்பாகத்தின் போல்ட்களைக் கழற்றி, கியர் ராடைப் பிரித்து, மொத்தமாகக் கீழே இறக்க வேண்டும். இந்த மோட்டாரில் புதுப் பெயின்டைச் சுரண்டினால், இணைப்புக் கோட்டில் பழைய உப்புப் பொருக்கு அப்படியே இருந்தது. போல்ட் தலையில் ஸ்பானர் பட்ட தடமே இல்லை. திறந்து பார்த்தபோது இம்பெல்லரின் ரப்பர் இறக்கைகள் எல்லாம் ஒரே பக்கம் மடிந்து விறைத்திருந்தன, ஒன்றின் நுனியைக் காணோம். பழைய சாமானுக்குப் பேர்போன ஊர்தான், அதற்காக இம்பெல்லரிலுமா!

அந்த நுனியைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போடுவது வீண். தண்ணீரோடு மேலே போய் தெர்மோஸ்டாட் பக்கம் சிக்கிக்கொள்ளும், புதுசு போட்ட பிறகும் எஞ்சின் சூடேறும். மாட்டும்போது இறக்கையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, டிரைவ் ஷாஃப்டை மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே பம்ப் மூடியை அழுத்த வேண்டும். அப்போதுதான் இறக்கைகள் சரியான பக்கம் மடியும். சாவி எனப்படும் சின்னக் கட்டை நழுவாமல் காடியில் இருக்கிறதா, அடியிலுள்ள ஸ்டெயின்லெஸ் தட்டிலும் உள் கிண்ணத்திலும் வரிவரியாகக் கீறல் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கீறல் இருந்தால் அவற்றையும் மாற்றுவதே சரி. ஷாஃப்டின் பற்களுக்குப் பக்கவாட்டில் மரைன் கிரீஸ் போதும். உச்சியில் அப்பினால் அடிப்பாகம் முழுதாக ஏறி உட்காராது. தண்ணீர்க் குழாய் அதன் ரப்பர் வளையத்துக்குள் நுழைந்ததா என்று பார்க்காமல் போல்ட் முறுக்கக் கூடாது.

அடுத்தது கியர் ஆயில். ராத்திரி முழுக்க மோட்டாரை நிமிர்த்தி வைத்து, காலையில் கீழ் ஸ்க்ரூவை மெதுவாகத் தளர்த்தியதில் முதலில் வந்தது தண்ணீர். ஆயிலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கியிருக்கும். பின்னாலேயே பால் கலந்த காபி நிறத்தில் ஆயில். மாற்றியதாக எழுதிய ஆயில்தான் இது! காரணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. புரொப்பல்லரைக் கழற்றினால், ஷாஃப்டில் தங்கூசி (நைலான் மீன்பிடி நூல்) சுற்றிச் சுற்றி ஆயில் சீலையே அறுத்திருந்தது. இந்த நிலையில் ஆயிலை மட்டும் மாற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. சீல் மாற்றிய பிறகு, கியர் பாக்ஸ் காலியாக இருக்கும்போதே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ காற்றழுத்தம் கொடுத்து, 10 வினாடியாவது முள் இறங்காமல் நிற்கிறதா பார்ப்பார்கள். சோப்புத் தண்ணீர் தடவினால் கசிவு எங்கே என்று காட்டிக்கொடுக்கும்.

ஆயிலை மேல் துளையில் ஊற்றினால் உள்ளே காற்று அடைபடும். மேல், கீழ் இரண்டு ஸ்க்ரூவையும் எடுத்துவிட்டு, கீழ்த் துளை வழியாக எஸ்ஏஇ 90 கியர் ஆயிலை ஏற்ற வேண்டும், மேலே குமிழி இல்லாமல் வழியும்வரை. முதலில் மேல் ஸ்க்ரூ, அப்புறம்தான் கீழே. இரண்டுக்கும் புது வாஷர். அதன் விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள், பழையதையே போட்டுத் தண்ணீர் இறங்கிய கியரின் விலைக்குச் சிரிப்பு வராது.

பிளக்கை உண்மையிலேயே மாற்றியிருந்தார்கள், ஆனால் தவறான பிளக். யமஹா 15 எச்பி டூ ஸ்ட்ரோக்குக்கு என்ஜிகே பி7எச்எஸ்-10. கடைசி 10 என்பது 1.0 மில்லிமீட்டர் இடைவெளியைக் குறிக்கும். போட்டிருந்தது அந்த 10 இல்லாதது, இடைவெளி குறைவு. இதைவிட ஆபத்து, கையில் கிடைத்த டூவீலர் பிளக்கைத் திருகுவது. எச் என்றால் மரை நீளம் 12.7 மில்லிமீட்டர், ஈ என்றால் 19. நீளமானது உள்ளே போனால் பிஸ்டன் அதில் இடிக்கும்.

பெட்ரோலில் கலக்கச் சொல்லி ஸ்கூட்டர் 2டி ஆயில் பாட்டிலையும் கையில் கொடுத்திருந்தார்கள். அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 என்று அச்சிட்ட, சாம்பல் தராத ஆயில் வேண்டும். மற்றது பிளக்கிலும் ரிங்கிலும் படியும். 50:1 கலவை என்றால் லிட்டருக்கு 20 மில்லி.

அனோடு கதைதான் கொடுமை. பாதிக்குமேல் கரைந்துபோன பழைய அனோடு என்ற உலோகக் கட்டியின் மேலேயே பெயின்ட் அடித்திருந்தார்கள். உப்புத்தண்ணீரில் அலுமினியத்துக்குப் பதிலாகத் தன்னை அரிக்கக் கொடுக்கத்தான் அது அங்கே இருக்கிறது. பெயின்ட் மூடினால் வேலை செய்யாது. அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரிக்கு 1948-லேயே அடிக்கல் நாட்டிய ஊரில் இப்படி.

டெலிவரி எடுக்கும்போது, "ரெண்டே செகண்ட்ணே, சத்தத்தைக் கேளுங்க" என்று தண்ணீர் இல்லாமல் ஸ்டார்ட் செய்ய வந்தால் கயிற்றைத் தொட விடாதீர்கள். வறண்டு சுற்றினால் ரப்பர் அப்போதே தேயும், கருகும். 200 லிட்டர் பேரலில் தண்ணீர் நிரப்பி, புரொப்பல்லரைக் கழற்றி, நியூட்ரலில், திறந்த வெளியில் ஓட்டச் சொல்லுங்கள். புரொப்பல்லருக்கு மேலே உள்ள தட்டு தண்ணீருக்குள் நன்றாக மூழ்கியிருக்க வேண்டும். சில வினாடிகளில் மோட்டாரின் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்ச வேண்டும். வரவில்லையா, உடனே நிறுத்துங்கள்.

புரொப்பல்லரில் கை வைக்கும் முன் எஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப்பை எடுத்து, பிளக் வயர் இரண்டையும் கழற்றி எஞ்சின் உடம்பில் எர்த் பண்ணுங்கள். கியரில் கிடக்கும்போது புரொப்பல்லரைக் கையால் திருப்பினாலே எஞ்சின் பற்றிக்கொள்ளலாம். வயரைச் சும்மா தொங்கவிட்டுக் கயிற்றை இழுத்தால் பொறி பறக்கும், பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருந்தால் சொல்ல வேண்டாம். வண்டியில் படுக்கவைப்பதற்கு முன் நிமிர்த்தித் தண்ணீரை வடியவிட்டு, மூடியிலோ கையேட்டிலோ காட்டியிருக்கும் பக்கமாக மட்டும் சாய்க்கவும். மறுபக்கம் சாய்த்தால் மிச்சத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும்.

சர்வீசுக்கு விடும் முன் அடிப்பாகப் போல்ட்களின் ஓரத்தில் நகப்பூச்சு ஒரு புள்ளி வையுங்கள், திறந்தால் உடையும். பழைய இம்பெல்லர், பிளக், சீல், அனோடு எல்லாம் பையில் திரும்ப வேண்டும் என்று முன்பே சொல்லி, பில்லில் எழுத வையுங்கள். இந்தப் பட்டறையில் பழையதைக் கேட்டதற்கு, குப்பையில் போட்டாச்சு என்றார்கள்.

ஏமாந்த பிறகு தெரிந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2 ஆண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. சொந்தப் பிழைப்புக்கு ஓட்டும் படகு என்றால் அதை மனுவிலேயே எழுதிவிடுங்கள், வியாபார உபயோகம் என்று தள்ள இடம் கொடுக்காது. வேறொரு மெக்கானிக் திறக்கும் முன் போல்ட், திறக்கும்போது வடியும் ஆயில், வெளியே வரும் இம்பெல்லர் மூன்றையும் பில்லைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழுவித் துடைத்த பிறகு எடுக்கும் படத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.